சேலத்திலும் ஏற்காட்டிலும் சிறுவர் கால்பந்துப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தரும் உடற்கல்வி ஆசிரியர்களுக்காகவும், ஊர் கிரவுண்டில் பசங்களைச் சேர்த்து அணி நடத்தும் அண்ணன்மார்களுக்காகவும் எழுதியது. ஒரு பயிற்சி உருப்படியானதா என்று பார்க்க இரண்டே கேள்வி போதும். ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை முறை பந்தைத் தொட்டது? தொட்டபோது தடுக்க எதிரில் ஆள் இருந்ததா? கீழே உள்ள பதில்கள் எல்லாமே இந்த இரண்டையும் மனதில் வைத்துச் சொன்னவைதான்.

எங்க ஸ்கூல்ல 30 பசங்க வர்றாங்க, பந்து 6 தான் இருக்கு. எப்படிப் பயிற்சி கொடுக்கிறது?

முதலில் வரிசையில் நிறுத்துவதை விடுங்கள். 30 பேரும் ஒரே வரிசையில் நின்று, ஆளுக்கு ஒருமுறை ஓடிவந்து கோலுக்கு அடித்தால், ஒருவனுக்குப் பத்து நொடி என்று வைத்தாலும் ஒரு சுற்றுக்கு 5 நிமிடம். 20 நிமிடத்தில் ஒரு பையன் பந்தை நாலு முறைதான் உதைத்திருப்பான். மிச்ச நேரமெல்லாம் சும்மா நிற்கிறான். வரிசையில் தள்ளுமுள்ளு வருவதும் இதனால்தான். அதை ஒழுக்கக் குறைவு என்று திட்டிப் பயனில்லை.

6 பந்து இருக்கிறதா, 6 கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றும் 10 எட்டு நீளம், 10 எட்டு அகலம் (நீட்டி வைத்த ஓர் எட்டு ஏறக்குறைய ஒரு மீட்டர்). கட்டத்துக்கு 5 பேர். முதல் 15 நிமிடம் நாலு பேர் ஓரத்தில் நின்று பாஸ் போட, நடுவில் ஒருவன் பிடுங்குகிறான். அடுத்த 15 நிமிடம் அதே கட்டத்தில் இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஆள் பொது ஆள்: பந்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு ஆடுவான். பந்து வைத்திருக்கும் அணிக்கு எப்போதும் ஒரு ஆள் கூடுதல் என்பதால், பாஸ் போட வழி இருந்துகொண்டே இருக்கும். பொது ஆளை 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கடைசியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, மூலைகளை வெளியே தள்ளி 30க்கு 20 எட்டு ஆக்கினால் ஐந்துக்கு ஐந்து ஆட்டம் மூன்று ஒரே நேரத்தில் நடக்கும். மீதமுள்ள 3 பந்தை ஆட்டத்துக்கு ஒன்றாக ஓரத்தில் வையுங்கள். வெளியே போன பந்தைத் தேடி ஓடும் நேரம் மிச்சம்.

கோன் இல்லையென்றால் செருப்பு போதும், பழைய டயர்த் துண்டும் போதும். கோடு போடக் கோலமாவு எடுங்கள். சுண்ணாம்புப் பொடி கண்ணில் விழுந்தால் எரித்துவிடும். செங்கல்லும் கருங்கல்லும் வேண்டவே வேண்டாம். பந்தைப் பார்த்து ஓடும் பிள்ளை கல்லைப் பார்க்காது.

ஒரு நாள் பயிற்சி எவ்வளவு நேரம் இருக்கணும்?

8 வயதுக்குக் கீழ் 45 நிமிடம், 12 வரை 75 நிமிடம், அதற்கு மேல் 90. அதில் மூன்றில் ஒரு பங்காவது ஆட்டமாகவே இருக்க வேண்டும். “நல்லா பண்ணினா கடைசியில மேட்ச்” என்று ஆசை காட்டி, நேரமாகிவிட்டதென்று ஐந்தே நிமிடம் ஆடவிட்டு அனுப்புவது பல கிரவுண்டுகளில் நடக்கிறது. பிள்ளைகள் வருவதே ஆடத்தான்.

வார்ம்-அப்பில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடித்து இழுப்பதால் பெரிய பலன் இல்லை. 7 முதல் 13 வயதினருக்கென்று ஃபிஃபா வகுத்த ‘11+ கிட்ஸ்’ பயிற்சிகள் உண்டு: ஒற்றைக் காலில் நின்று சமநிலை, குதித்து முழங்காலை மடக்கி இறங்குவது, பிளாங்க் (முழங்கையிலும் கால்விரலிலும் உடம்பை நேராகத் தாங்குவது), விழும்போது தோளில் உருள்வது. 15 முதல் 20 நிமிடம் ஆகும். வாரம் இருமுறை விடாமல் செய்தால் காயம் குறைகிறது. குதித்து இறங்கும்போது இரண்டு முழங்காலும் உள்பக்கம் சாய்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். சாய்ந்தால் குதிக்கும் உயரத்தைக் குறைத்துத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

எந்த வயசுக்கு எந்த சைஸ் பந்து? காத்து எவ்வளவு அடிக்கணும்?

8 வயதுக்குள் 3-ஆம் நம்பர். 8 முதல் 12 வரை 4-ஆம் நம்பர். 13 முதல் 5-ஆம் நம்பர்; சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். சின்னப் பையனிடம் 5-ஆம் நம்பரைக் கொடுத்தால், பாதத்தின் உள்பக்கத்தால் தட்டினால் பந்து தூரம் போகாது. அதனால் பெருவிரல் நுனியால் குத்தப் பழகுவான். அந்தப் பழக்கத்தை 14 வயதில் மாற்றுவது பெரும்பாடு.

விதிப்படி காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம். பிள்ளைகளுக்கு 8, 9 போதும். கேஜ் (அழுத்தம் பார்க்கும் கருவி) இல்லையென்றால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: லேசாகப் பதிய வேண்டும். ஊசியைத் தண்ணீரிலோ ஒரு சொட்டு கிளிசரினிலோ நனைக்காமல் குத்தினால் வால்வு கிழியும். நல்ல பந்து சீக்கிரம் வீணாவதற்கு முக்கியமான காரணம் இந்த உலர்ந்த ஊசி.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் கீழே காற்றடித்த பந்து மேலே போனதும் சுமார் இரண்டு பி.எஸ்.ஐ. வரை கூடுதல் கெட்டியாக இருக்கும். ஏற்காட்டில் அடித்துக் கீழே கொண்டுவந்தால் தொய்வாகும். ஆடும் இடத்தில் வைத்தே காற்றைச் சரிபாருங்கள்.

நடுவுல ஒருத்தன் நின்னு பிடுங்குற பயிற்சியில ரெண்டு பாஸுக்கு மேல போகவே மாட்டேங்குது. ஏன்?

இதை ரோண்டோ என்பார்கள். பாஸ் அறுந்துபோக மூன்று காரணம்தான் இருக்கும்.

ஒன்று, கட்டம் சின்னது. தொடக்கத்தில் நாலுக்கு ஒன்று என்றால் 10க்கு 10 எட்டு வையுங்கள். தொடர்ந்து பத்து பாஸ் வரத் தொடங்கினால் 8க்கு 8 ஆகச் சுருக்குங்கள். நாலுக்கு இரண்டு என்று ஆக்கும்போது மறுபடி 12க்கு 12.

இரண்டு, ஓரத்தில் நிற்பவர்கள் மூலையில் ஊன்றி நிற்கிறார்கள். மூலையில் நிற்பவனுக்கு வழியை அடைக்க நடுவில் இருப்பவன் ஓரடி நகர்ந்தால் போதும். ஆளாளுக்கு ஒரு பக்கத்தின் கோடு முழுவதும் சொந்தம் என்று சொல்லிவிடுங்கள். பந்து இருப்பவனுக்கு இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் ஒருவன் எப்போதும் தெரிய வேண்டும். அதற்கு அவர்கள் ஒவ்வொரு பாஸுக்கும் இரண்டு மூன்று எட்டு நகர்ந்தபடியே இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது: உடம்பு நிற்கும் விதம். பந்துக்கு நேரெதிராகத் தோளைக் காட்டி நிற்பவனுக்கு, வந்த வழியே திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. பக்கவாட்டில் திரும்பி நின்று, தூரத்துக் காலில் (பந்து வரும் பக்கத்திலிருந்து தள்ளி இருக்கும் காலில்) வாங்கினால், அதே தொடுதலில் பந்து மறுபக்கம் திரும்பிவிடும். “தூரத்துக் கால்!” என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு குறையைத்தான் திருத்த வேண்டும். “தலையைத் தூக்கு, நகரு, பேசு, ஒரே டச்” என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினால் பிள்ளை எதையும் செய்யாது.

ஒரே டச் என்ற விதியை அவசரப்பட்டுப் போடாதீர்கள். இரண்டு டச்சில் நிதானம் வரட்டும். ஒரே டச்சைக் கட்டாயமாக்கினால் யோசிக்காமல் தட்டிவிடப் பழகுவார்கள்.

எங்க கிரவுண்டு பூரா செம்மண்ணும் சரளையும். பந்து எப்படிப் போகும்னே தெரியலை. முதல் டச் எப்படிப் பழக்குறது?

சேலத்துப் பள்ளி மைதானங்கள் பலவும் இப்படித்தான். முதலில் ஐந்து நிமிடம் எல்லாரும் வரிசையாக நடந்து கண்ணில் படும் கல், கண்ணாடி, ஆணியைப் பொறுக்கட்டும். தண்ணீர் வசதி இருந்தால் அரைமணி நேரம் முன்பே தெளித்துவிடுங்கள். புழுதி அடங்கும், பந்தும் சறுக்காமல் உருளும்.

துள்ளும் தரையில் பந்தைக் காலுக்கடியில் அழுத்தி நிறுத்தப் பார்த்தால் கடைசி நொடியில் அது தாண்டிவிடும். கணுக்காலைப் பூட்டி, காலைத் தரையிலிருந்து நாலு விரல் உயரம் தூக்கி, பந்தின் நடுப்பாகத்தில் உள்பக்கத்தால் வாங்கி, அடுத்து போக நினைக்கும் பக்கம் ஓர் எட்டு தள்ளிவிடச் சொல்லுங்கள். பயிற்சிக்கு மூன்று பேர் போதும். 8 எட்டு தூரத்தில் இருவர், நடுவில் ஒருவன். நடுவில் இருப்பவன் ஒருவரிடம் வாங்கி, திரும்பி, மற்றவரிடம் கொடுக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு செருப்பை 2 எட்டு இடைவெளியில் வைத்து ஒரு வாசல் ஆக்குங்கள். முதல் டச்சிலேயே பந்து அந்த வாசலுக்குள் போனால் ஒரு புள்ளி. ஒரு நிமிடத்துக்கு ஒரு ஆள். பழகியதும், பாஸ் போட்டவனே ஓடிவந்து அழுத்தட்டும்.

சரளையில் தையல் பந்தின் நூல் சீக்கிரம் தேய்ந்து பிரியும். தினப் பயிற்சிக்கு ரப்பர் மோல்டு பந்து, போட்டிக்குத் தையல் பந்து என்று பிரித்து வைத்தால் செலவு குறையும்.

கோனைச் சுத்திச் சுத்தி நல்லா ஓட்டுறான். மேட்ச்சுல ஒருத்தனைக்கூடத் தாண்ட மாட்டேங்குறான்?

கோன் காலை நீட்டாது, ஏமாறாது. அதைச் சுற்றி ஓட்டுவதால் கால் பழகும், கண் பழகாது. அதை வார்ம்-அப்பில் 5 நிமிடத்தோடு முடித்துவிட்டு, ஒன்றுக்கு ஒன்று ஆடவிடுங்கள்.

12 எட்டு நீளம், 8 எட்டு அகலத்தில் ஒரு கட்டம். தடுப்பவன் பந்தைத் தள்ளிக் கொடுத்துவிட்டு ஓடி வருவான். எதிர்ப்பக்கக் கோட்டின் இரண்டு முனையிலும் 2 எட்டு அகலத்தில் வாசல். எந்த வாசல் வழியாகவும் பந்தை ஓட்டிக்கொண்டு வெளியேறலாம். இரண்டு வாசல் இருப்பதுதான் இதில் சூட்சுமம்: ஒரு பக்கம் போவதுபோல் காட்டி மறுபக்கம் வெட்ட ஒரு காரணம் கிடைக்கிறது. ஒரே வாசல் வைத்தால் தடுப்பவன் அதன் முன் போய் நின்றுகொள்வான், ஏமாற்ற எதுவும் இல்லாமல் போகும்.

பெரும்பாலும் தவறுவது வேகத்தில். தடுப்பவனை நெருங்கும்போது மெதுவாக, சின்னச் சின்னத் தொடுதலில் போக வேண்டும். அவன் எடை ஒரு காலுக்கு மாறிய கணத்தில் பந்தை மூன்று எட்டு தள்ளிப் பாய வேண்டும். நம் பிள்ளைகள் தலைகீழாகச் செய்வார்கள்: வேகமாக வந்து, அவன் முன்னால் போய் நின்றுவிடுவார்கள். சுற்று 20 நொடிக்கு மேல் போகவேண்டாம், பிறகு 40 நொடி ஓய்வு. மூச்சு வாங்கும்போது ஏமாற்றும் அசைவு வராது.

சின்னப் பசங்க எல்லாரும் பந்து பின்னாடியே கும்பலா ஓடுறாங்க. பொசிஷன் எப்படிச் சொல்லித்தர்றது?

7 வயதில் அது இயல்பு. கயிறு கட்டியதுபோல் “நீ இங்கேயே நில்லு” என்று டிஃபன்ஸில் நிறுத்தினால், அந்தப் பிள்ளை பந்தையே தொடாமல் வீட்டுக்குப் போகும். ஆள் எண்ணிக்கையைக் குறையுங்கள். மூன்றுக்கு மூன்று ஆடும்போது கும்பலே சேராது.

9 வயதுக்கு மேல் நாலுக்கு நாலு, ஆனால் நாலு கோல்: ஒவ்வொரு அணிக்கும் அதன் பக்கத்துக் கோட்டின் இரண்டு மூலையிலும் ஒவ்வொரு சிறிய கோல். ஒரு பக்கம் கூட்டம் சேர்ந்தால் மறுபக்கம் காலியாக இருப்பது தானாகத் தெரியும். ஆட்டத்தை நிறுத்தி, “எந்தக் கோல் காலியா இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். பதிலை அவர்கள் சொல்லட்டும். 12 வயது வரை எல்லாப் பிள்ளையும் எல்லா இடத்திலும் ஆட வேண்டும், கோல்கீப்பர் உட்பட. குண்டாக இருப்பவனை எப்போதும் கோலுக்குள் தள்ளுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஹெடிங் (பந்தைத் தலையால முட்டுறது) பழக்கலாமா?

12 வயதுக்குள் வேண்டாம். அமெரிக்காவில் 2015-லேயே 10 வயதுக்கும் அதற்குக் கீழுள்ளவர்களுக்கும் ஹெடிங்கைத் தடைசெய்தார்கள். இங்கிலாந்தில் 2020 முதல் 11 வயதுக்குட்பட்டவர்களின் பயிற்சியில் ஹெடிங் கிடையாது. வளரும் மூளைக்கு அடிமேல் அடி ஆகாது என்பதுதான் காரணம். 13-க்கு மேல் தொடங்கும்போது காற்றுக் குறைத்த பந்து, கையால் தூக்கிப் போட்டது, ஒரு பயிற்சிக்கு ஐந்தாறு தடவை. நெற்றி மேட்டில் படவேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும்.

தலையில் அடிபட்ட பிள்ளைக்குத் தலைவலி, தடுமாற்றம், குழப்பம், வாந்தி என எது இருந்தாலும் அன்று ஆட்டம் முடிந்தது. “நான் நல்லாத்தான் இருக்கேன் சார்” என்று சொன்னாலும் திரும்ப இறக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்டாமினாவுக்கு கிரவுண்டை எத்தனை ரவுண்டு ஓடச் சொல்லலாம்?

சொல்லவே வேண்டாம். மூன்றுக்கு மூன்று ஆட்டம் 3 நிமிடம், 1 நிமிடம் ஓய்வு, இப்படி 5 முறை ஆடினாலே ஓட்டம் வந்துவிடும், கூடவே பந்தும் பழகும். தாமதமாக வந்தவனைத் தண்டனையாக ஓடவைத்தால் ஓடுவதே அவமானம் என்று அவன் மனதில் பதியும்.

ஏப்ரல், மே வெயில்ல எப்படிச் சமாளிக்கிறது?

சேலத்தில் அந்த இரண்டு மாதமும் 40 டிகிரியை ஒட்டிப் போகும். காலை 6 முதல் 7:30, இல்லையென்றால் மாலை 5-க்கு மேல். டர்ஃப் வாடகை மதியம் குறைவு என்று அங்கே கூட்டிப்போகாதீர்கள். செயற்கைப் புல் வெளிக்காற்றைவிட மிக அதிகமாகச் சுடும், விழுந்தால் தோல் உரியும்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் வரை தண்ணீர். தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று விடாமல் விசிலடித்துக் குடிக்க வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் வெறும் தண்ணீரே போதும், முடிந்த பிறகு உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. சம்பந்தமில்லாமல் பேசுவது, தள்ளாடுவது, மயங்குவது என்றால் அது வெயில் அதிர்ச்சி. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு தெளிவாக இல்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஏற்காட்டுல சமதரையே இல்லை, பனிமூட்டம் வேற. அங்க எப்படி?

சரிவுக்குக் குறுக்கே கட்டம் போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் ஒரு அணி முழுக்க மேட்டில் ஏறியே களைக்கும். எவ்வளவு சமமாகப் போட்டாலும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். பள்ளப் பக்கம் பழைய வலை ஏதாவது கட்டினால், பந்து காப்பிச் செடிக்குள் உருண்டு போகாது.

எஸ்டேட்டில் காப்பி காயவைக்கும் சிமெண்ட் களம், அறுவடை இல்லாத மாதங்களில் அனுமதி கிடைத்தால் அருமையான இடம். துள்ளல் குறைந்த ஃபுட்சால் (உள்ளரங்குக் கால்பந்து) பந்து, நாலுக்கு நாலு, கீழே விழுந்து தடுப்பதற்குத் தடை. முழங்கால் தோல் மிஞ்சும்.

மூட்டத்தில் ஒரு கோலிலிருந்து அடுத்த கோல் தெரியவில்லையென்றால் பெரிய ஆட்டத்தை நிறுத்திவிட்டு ரோண்டோவுக்கு மாறுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் எல்லாரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள். சில்வர் ஓக் மரத்தடி பாதுகாப்பு அல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்கலாம்.

சேலத்திலிருந்து மேட்ச்சுக்கு மேலே போகும் அணி, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கணக்கில் வைத்து, இரண்டு இட்லியோடு கிளம்பி, ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரட்டும். மேலே மூச்சு சற்றுச் சீக்கிரம் வாங்கும். மாற்று ஆட்களை அடிக்கடி இறக்குங்கள். நீளமாகத் தூக்கி அடிக்கும் பந்தும் கீழே போவதைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம் போகும். கோல்கீப்பருக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள்.

வெறுங்காலோட ஆடலாமா?

புல்லில், சின்னக் கட்டத்தில், எல்லாருமே வெறுங்கால் என்றால் ஆடலாம். ஒருவன் ஸ்டட் (அடியில் குமிழ்கள் உள்ள ஷூ) போட்டு மற்றவன் வெறுங்காலில் ஆடுவதுதான் ஆபத்து. செம்மண் தரைக்கு நீள ஸ்டட் வேண்டாம், அடிப்பகுதியில் சின்ன ரப்பர்ப் புள்ளிகள் உள்ள ஷூவே ஏற்றது. போட்டியில் ஷின் கார்டு (முன்னங்கால் எலும்புக்கான காப்பு) விதிப்படி கட்டாயம்.

முழங்காலுக்குக் கீழ வலிக்குதுன்னு சொல்றான். நடிக்கிறானா?

10 முதல் 15 வயதுக்குள் முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு மேட்டில் வலி, அல்லது குதிகாலின் பின்னால் வலி என்றால் பெரும்பாலும் நடிப்பில்லை. எலும்பு வேகமாக வளரும்போது தசைநார் ஒட்டியிருக்கும் இடம் இழுபடுவதால் வருவது. குதிப்பதையும் வேகமாக ஓடுவதையும் சில வாரம் குறைத்து, ஆடிய பிறகு 10 நிமிடம் துணியில் சுற்றிய ஐஸ் வைத்தால் அடங்கும். நொண்டினாலோ, ராத்திரியில் வலித்தாலோ, வீங்கினாலோ எலும்பு டாக்டரிடம் போக வேண்டும்.

கோல்போஸ்ட் எப்படி வைக்கிறது?

பெரியவர்களின் கோல் 24 அடி அகலம், 8 அடி உயரம். 10 வயதுப் பிள்ளைக்கு 12க்கு 6 அடி போதும். வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயில் செய்வதாக இருந்தால், பின்னால் அடிச்சட்டம் கட்டாயம் வேண்டும், அதைத் தரையில் அடித்தோ மணல் மூட்டை வைத்தோ இறுக்குங்கள். கட்டப்படாத கோல்போஸ்ட் கவிழ்ந்து பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. கம்பியில் தொங்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பயிற்சி முடிந்ததும் கோலைக் குப்புறக் கவிழ்த்து வையுங்கள்.

பொண்ணுங்களைத் தனியா வச்சுப் பழக்கணுமா?

12 வயது வரை சேர்த்தே பழக்கலாம். உடல்பலத்தில் பெரிய வேறுபாடு இன்னும் வந்திருக்காது. அதன்பின் தனி அணி அமைக்க ஆள் போதவில்லையென்றால், இரண்டு பள்ளிகள் சேர்ந்து வாரம் ஒருநாள் ஆடட்டும். உடை மாற்ற ஒரு அறை, பக்கத்தில் கழிவறை, இருட்டும் முன் முடியும் நேரம் ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். தயங்கும் பெற்றோரிடம் தமிழ்நாட்டுப் பெண்களைப் பற்றியே சொல்லலாம். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர், காவல்துறையில் வேலை பார்ப்பவர். மதுரையின் சேது எஃப்.சி. 2018-19 இந்திய மகளிர் லீக்கை வென்ற அணி.

கோச்சுக்கு லைசென்ஸ் வேணுமா? பசங்களை எந்தப் போட்டிக்கு அனுப்பலாம்?

ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர யாரும் லைசென்ஸ் கேட்கப் போவதில்லை. ஆனாலும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ‘டி’ லைசென்ஸ் படித்துவிடுங்கள். கட்டம் போடுவதிலிருந்து எப்போது வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது வரை சொல்லித்தருவார்கள். அதற்கு மேல் ஆசியக் கூட்டமைப்பின் ‘சி’, ‘பி’, ‘ஏ’, ‘ப்ரோ’ என்று போகும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறுவட்டத்தில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று போகும் போட்டிகள் உண்டு. முதலமைச்சர் கோப்பையிலும் கால்பந்து இருக்கிறது. 1960 முதல் நடக்கும் சுப்ரதோ கோப்பையில் 17 வயதுக்குட்பட்ட பெண்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. எதற்குப் போனாலும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் இனிஷியலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஜூன் மாதமே பார்த்துவிடுங்கள். மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதில்தான் அதிகம் சிக்குகிறது. திருத்தம் கேட்டு விண்ணப்பித்தால் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம்.